எடுக்காத டிக்கெட்டுக்கு விழுந்த பரிசு

லாட்டரியில் பரிசு என்று யாரோ போனில் சொன்னதை நம்பி, ஐம்பத்திரண்டு வயதில் ராஜினாமாக் கடிதம் எழுதியவன் நான். வளைகுடாவில், ஜெபல் அலி துறைமுகக் கிடங்கில் வேலை பார்க்கும் நாங்கள் பத்துப் பேர் மாதாமாதம் கூட்டாக ஒரு டிக்கெட் எடுப்போம். வீட்டு வாடகையும் மகளின் பள்ளிக் கட்டணமும் போட்டி போட்டு ஏறிக்கொண்டிருந்ததால், அந்த வெள்ளிக்கிழமை வந்த போனைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. பதினெட்டு வருடக் கோபத்தையும் கடிதத்தில் இறக்கி, மேனேஜர் காதர் பாயின் மேசையில் வைத்துவிட்டு, டிக்கெட் எடுக்கும் முருகேசனைத் தேடி ஓடினேன்.

“இந்த மாசம் நாம டிக்கெட்டே எடுக்கலையேண்ணே! வாடகை ஏறிடுச்சுன்னு யாருமே பங்கு தரல. மொதல்ல கையை விரிச்சதே நீங்கதான்!”

வேலை போனால் விசா போகும்; மகளின் படிப்பும் நடுவில் நிற்கும். வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினேன். காதர் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கடிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைக் கிழித்துப் பையில் திணித்த பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் பரிசு என்று யார் கூப்பிட்டாலும், டிக்கெட் எடுத்தோமா என்று முருகேசனிடம் கேட்ட பிறகே சந்தோஷப்படுகிறேன்.

அன்று மாலை டீ குடிக்கும்போது காதர் பாய் மெதுவாகச் சொன்னார்: “படிச்சுட்டுத்தான் தொழப் போனேன். மாசம் ஒருத்தர் இப்படி வைக்கிறீங்க. நான் வர்றதுக்குள்ள நீங்களே எடுத்துர்றீங்க.”