விபூதியை அளந்த நாள்

ஓய்வு பெற்ற ஆண்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? பேப்பர் படிப்பார்கள், சாம்பாரில் உப்பு இல்லை என்பார்கள். என் வீட்டுக்காரர் கதிர்வீச்சு அளக்கிறார். கையகல மெஷின், கதிர்வீச்சு இருந்தால் டிக் டிக் என்று அடிக்கும். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் ஃபிளாட்டில் அதற்குத் தப்பிய சாமான் கிடையாது. மாமனாரின் பழைய ரேடியம் கைக்கடிகாரம், பெட்ரோமாக்ஸ் மேன்டில், சமையல் மேடை கிரானைட், ஏன், வாழைப்பழம்கூட. மாடி வீட்டுக்காரி காபிக்குக் கூப்பிட்டால், அவளுடைய பீங்கான் கோப்பையை அளந்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். மானம் போகிறது!

இந்த மனிதரிடம்தான் நான் ஒரு விஷயத்தை மறைக்கப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு மார்பில் கட்டி எடுத்தபோது, அவரைத் தேற்றுவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. இப்போது முதுகுவலி விடாமல் படுத்தியது. எலும்பில் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். முடிவு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆர்.கே.புரத்தில் முருகன் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு மெட்ரோ ஏறினேன். பொய்க்குச் சாட்சியாக, அலமாரியில் கிடந்த விபூதிப் பொட்டலத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஊசி போட்டார்கள், மூன்று மணி நேரம் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். ஊசி மருந்திலேயே கதிர்வீச்சு உண்டு என்று நர்ஸ் சொன்னபோதுகூட என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்குள் கால் வைத்தேன். மேஜைமேல் இருந்த மெஷின் எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி படபடவென்று பொரிந்தது.

"என்ன கொண்டு வந்தே?" என்று பாய்ந்து வந்தார்.

"விபூதி."

"அரே! இதுல என்னத்தைக் கலக்கறாங்க?"

பொட்டலத்தையும் மெஷினையும் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினார். சத்தம் அடங்கியது. என் பக்கம் திரும்பி வந்தார், மறுபடியும் படபட. கைப்பையை அளந்தார், செருப்பை அளந்தார். கோயிலுக்கு லெட்டர் போடப்போகிறேன் என்று பேனாவைத் தேட ஆரம்பித்தார். பாவம், முருகன் என்ன செய்தான்?

"விபூதியை விடுங்க. அது என் உடம்புலேர்ந்து வருது. எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போட்டாங்க."

மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தனை மணிக்குப் போட்டாங்க?"

எனக்கு வந்ததே கோபம்! "எத்தனை மணிக்கா? எதுக்குப் போட்டாங்கன்னு கேக்கத் தோணலையா? நீங்கள்லாம் ஒரு மனுஷனா?"

"எதுக்குன்னு தெரியும்" என்றார். "அதைக் கேக்கத்தான் பயமா இருக்கு."

மெஷினை அணைக்கப் போனவருக்குப் பொத்தான் அகப்படவில்லை. நான்தான் வாங்கி அணைத்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு யாரும் என்னை ஒட்டி உக்காரக் கூடாதாம். தள்ளிப் போங்க."

"தெரியும்" என்று சொல்லிக்கொண்டே என்னை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். சொன்னால் கேட்கிற ஜன்மமா அது!

"ரிசல்ட் எப்போ?"

"வியாழக்கிழமை."

"அதுக்கும் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு, தனியா போயிடாதே" என்றார்.