வயிற்றை நீவிய கை

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் சோமனூரில் இருந்தோம். வீட்டை ஒட்டியே தறிக்கொட்டகை. என் மகளுக்கு எட்டு வயது. ஒரு நாள் காலையில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். மத்தியானத்துக்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. உள்ளூர் டாக்டர் அமுக்கிப் பார்த்தார். குடல்வாலாக இருக்கலாம், உடனே கோயமுத்தூர் கொண்டுபோய் ரத்தம் பாருங்கள் என்றார்.

கிளம்பும்போது நாத்தனார் வந்து நின்றார். பக்கத்துத் தெருதான். எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ரத்தமெல்லாம் எதுக்கு அம்மணி? குதிச்சு ஆடுனதுல கொடலேறிக்கிச்சு. நீவி உட்டாச் செரியாப் போயிரும்."

எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு வயிறு வலித்தால் குடல் இடம் மாறிவிட்டது என்று விளக்கெண்ணெய் தொட்டு நீவுவார்கள். நான் வேண்டாம் என்று கெஞ்சினேன். "அக்கா சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் தறிக்குப் போய்விட்டார். பிள்ளை கதறக் கதற நாத்தனாரின் கட்டைவிரல் வயிற்றில் ஏறி இறங்கியது. பொழுது சாயும்போது வலி சட்டென்று நின்றது.

"பாத்தியா, எறங்கிருச்சு" என்றார். அந்தச் சிரிப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

விடிவதற்குள் காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகையாகிவிட்டது. பீளமேட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. சி.ஆர்.பி. என்று இன்னொன்றும் பார்த்தார்கள். உள்ளே அழற்சி கூடக் கூட ரத்தத்தில் அதுவும் கூடுமாம். அதுவும் தாறுமாறாக இருந்தது.

"வலி நின்னுச்சுன்னு சொன்னீங்களே, அப்பத்தான் வெடிச்சிருக்குமுங்க" என்றார் டாக்டர்.

வயிற்றைத் திறந்து சீழைக் கழுவினார்கள். பிழைத்துவிட்டாள். சாத்துக்குடியோடு பார்க்க வந்த நாத்தனார் சொன்னது ஒன்றுதான்: "அவ நேரம், என்ன பண்றது." அவர் போன பிறகு அந்தச் சாத்துக்குடியைக் குப்பையில் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அவருடைய பேத்திக்கு வயிற்று வலி. தலைதெறிக்க ஓடி வந்தார். "அம்மணி, உனக்குத்தான் அந்த ஆஸ்பத்திரி தெரியும். சீக்கிரம் வா, ரத்தம் பாத்துப்போடலாம்."

தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும். பேத்தி என்றதும் விளக்கெண்ணெய் மறந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் பிள்ளை என்ன பாவம் செய்தது? ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கூட்டிப்போனேன்.

அதே டாக்டர். அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், சாயங்காலம் வரை வைத்திருந்து மறுபடியும் அமுக்கிப் பார்த்தார். வெள்ளை அணுவும் ஏறவில்லை, சி.ஆர்.பி.யும் ஏறவில்லை, வலியும் குறைந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிள்ளையைப் பெற்றவள், நாத்தனாரின் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தை, அம்மா வெளிய தவிச்சுட்டிருக்கும், சொல்லிருங்க" என்றாள்.

வெளியே வந்தேன். நாத்தனார் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"என்ன அம்மணி சொன்னாங்க? ரத்தத்துல ஏறிருக்குதா?"

"ஒரு டீ குடிச்சுட்டு வந்து சொல்றனுங்க" என்றேன், மரியாதை குறையாமல்.

எதிரே இருந்த கடையில், அவர் பார்க்கும்படி நின்றுகொண்டேன். டீ நல்ல சூடு. ஊதி ஊதிக் குடித்தேன்.