கட்டில் சட்டத்தில் ஓர் ஒட்டு

என் அம்மாவோடு பிறந்த தங்கைகள் மூன்று பேர். கடைசித் தங்கைக்குக் கடைசியாகப் பிறந்தவன்தான் பொறி. எனக்குத் தம்பி முறை, வயதில் என் மூத்த மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. படிப்பை விட்டுவிட்டு வெல்டிங் பட்டறையில் சேர்ந்ததிலிருந்து அவன் சட்டையெல்லாம் தீப்பொறி பட்டுப் பொத்தல் பொத்தலாக இருக்கும். என் நடுச் சித்தி ஒருநாள் வாய்க்கு வந்தபடி "டேய் பொறி" என்று கூப்பிட்டாள். அதுவே நிலைத்துவிட்டது. இப்போது யாராவது அவனுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினால், பக்கத்து வீட்டைக் கேட்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

வாலிப வயது முழுக்க இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் பற்றவைத்தே போனது. கண்ணில் எந்நேரமும் நீர் வடிய ஆரம்பித்தபோது, அந்த வெளிச்சம் இனி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மகளும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். பட்டறையை விட்டு வீட்டுக்கு வந்தவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பின்னறையைக் காலி செய்து, ஓர் இழைப்புளியும் இரண்டு உளியும் ஒரு ரம்பமும் வாங்கிப் போட்டுக்கொண்டு மரவேலையில் இறங்கினான். யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. "இரும்பையே வளைச்சவன்கா நான். மரம் என்ன, சொன்ன பேச்சு கேக்கும்" என்றான் என்னிடம்.

கேட்கவில்லை. முதலில் செய்த ஸ்டூலில் உட்காருகிறவர்கள் மிகவும் அடக்க ஒடுக்கமாக உட்காருவார்கள். அசைந்தால் அது ஒரு பக்கம் போகும். அடுத்துச் செய்த துணி அலமாரியின் கதவு வெயில் காலத்தில் மட்டும்தான் மூடும். "கதவு சாத்தணும்னா மழை விடணும்" என்பாள் அவன் வீட்டுக்காரி. ஆனாலும் விடாமல் செய்து செய்து கை படிந்துவிட்டது. போன வருஷம் செய்த சாப்பாட்டு மேஜை கடையில் வாங்கியது போலவே இருந்தது.

அவனிடம் மாறாமல் இருந்தது பட்டறைப் பழக்கம் ஒன்றுதான். நீளம் போதாத இரும்பை முனையோடு முனை வைத்துப் பற்றவைத்து, மேலே துருத்துவதைத் தேய்த்துவிட்டால் ஒட்டின இடம் தெரியாது. பிடிப்பும் மற்ற இடத்தைவிடக் கெட்டியாக இருக்கும். அதையே மரத்திலும் செய்தான். பலகை போதாவிட்டால் முனையில் பசை தடவி, ஸ்க்ரூ போட்டு, மேலே வார்னிஷ் அடித்துவிடுவான். மேஜையின் ஓரப் பட்டையில் அப்படி ஓர் ஒட்டு உண்டு. அதில் பாரம் ஏறுவதில்லை, அதனால் அது நின்றது.

அவன் வீட்டுக்காரி பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தவள். குரலிலேயே பஸ்ஸை நிறுத்துவாள். அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்துபோனது. அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்குச் சில நாள் முன்பே டாக்டர் சொன்னது இதுதான்: தாழ்வாக உட்காரவோ படுக்கவோ கூடாது, உயரமான கட்டில் வேண்டும், இன்னொரு முறை விழுந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அவள் அண்ணன் லாரி வைத்து ஓட்டுகிறவர். ஆளும் லாரி போலத்தான், வாசலில் நுழைந்தால் அறை இருட்டும். "என் வீட்ல நல்ல கட்டில் இருக்கு, பாத்துக்க ஆள் இருக்கு. நடக்கற வரைக்கும் தங்கச்சி எங்கூட இருக்கட்டும்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் பொறிக்கு முகம் விழுந்துவிட்டது.

"நான் கட்டில் செய்யறேன் மச்சான்."

"மாப்பிள்ளை, உங்க ஸ்டூல்ல ஒருவாட்டி உட்கார்ந்தேன். அன்னைக்கே எனக்குப் பாதி உசுரு போச்சு."

படுத்திருந்தவள்தான் முடிவு சொன்னாள். "அண்ணே, நான் எங்க வீட்டுக்கே போறேன். அவர் செய்வார்." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் ராப்பகலாக வேலை செய்தான். இடித்த வீட்டிலிருந்து பழைய நிலை மரம் வாங்கி வந்தான். கால் நாலும் கல்தூண் மாதிரி. குறுக்குச் சட்டங்கள் வரிசையாக அமைந்தன. கடைசியில், சுவர்ப் பக்கம் இல்லாமல் அறையைப் பார்த்து வருகிற நீளச்சட்டத்துக்கு எடுத்து வைத்த மரத்தின் ஒரு முனையில் பூச்சி அரித்திருந்தது. அதை வெட்டி எறிந்தான். அப்புறம் பார்த்தால் நீளம் பற்றவில்லை.

மறுநாள் காலையில் அவள் வருகிறாள். வேறு மரம் தேட நேரமில்லை. பழக்கப்பட்ட கை பழக்கப்பட்டதைச் செய்தது. இன்னொரு துண்டை எடுத்து முனையோடு முனை வைத்துப் பசை தடவினான். சாய்வாக இரண்டு ஸ்க்ரூ இறக்கினான். மரத்தூளும் பசையும் குழைத்து, ஒட்டின இடத்தில் தெரிந்த கோட்டை அடைத்தான். இழைத்து, தேய்த்து, வார்னிஷ் அடித்தான். ஒட்டு இருக்கும் இடம் அவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கட்டிலின் கிட்டத்தட்ட நடுவில் அது இருந்தது.

அவளை வேனில் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியபோது நானும் இருந்தேன். காலுக்கு அடியில் தலையணை வைத்தோம். அவள் சட்டத்தைத் தடவிப் பார்த்து, "பரவால்லையே, வழவழன்னு இருக்கு" என்றாள். பொறியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முதல் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி நின்றான்.

லாரிக்காரரும் குனிந்து நிமிர்ந்து பார்த்தார். குறை கண்டுபிடிக்க வந்தவர்தான், ஒன்றும் அகப்படவில்லை. "ஒத்தை மரமா மாப்பிள்ளை இது?" என்று சட்டத்தைத் தட்டினார்.

பொறி தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அப்ப சரி" என்று அவர் உட்கார்ந்தார். தங்கச்சியின் முழங்காலுக்குப் பக்கத்தில், கட்டில் நடுவில்.

டிக் என்று ஒரு சத்தம்.

எனக்கும் கேட்டது. நான் பொறியைப் பார்த்தேன். அவன் சாதாரணமாக நின்றான். பற்றவைத்த இரும்பு சூடு ஆறும்போது அப்படித்தான் டிக் டிக்கென்று சத்தம் போடும், பட்டறையில் அது நல்ல சத்தம், வேலை அமர்ந்துகொள்கிறது என்று அர்த்தம். அவன் காது அந்தச் சத்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. "புது வேலைக்கா. செட்டாகுது" என்றான்.

லாரிக்காரர் எந்த ஊரிலோ டயர் வெடித்த கதையை ஆரம்பித்தார். கையை ஆட்டி, உடம்பை ஆட்டிச் சொல்கிறவர். அவர் சிரித்தால் கட்டிலும் சேர்ந்து சிரித்தது. மறுபடி டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, இது நீளமாக, துணி கிழிகிற மாதிரி.

அப்போதுதான் பொறியின் முகம் மாறியது. சூடே படாத மரத்தில் ஆறுவதற்கு என்ன இருக்கிறது? நிலைமையைப் பார்த்தான். அவள் நோவுள்ள கால் அறைப் பக்கம். சட்டம் போனால் பாயும் மெத்தையுமாகச் சரிந்து, அந்த இடுப்பின் மேலேயே அண்ணனும் விழுவார். அவன் மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சட்டத்தின் அடியில் விரலை ஓட்டினான். ஒட்டின இடத்தில் நகம் உள்ளே இறங்கியது.

"மச்சான்" என்றான். "நீங்க கதையை நிறுத்தாதீங்க. ஆனா அசையாதீங்க."

"ஏன், பூரானா?"

"எழுந்திருக்காதீங்க. நான் சொன்னப்புறம் எழுந்திருங்க."

எழுந்திரு என்று கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பிறகுதான் யோசித்தேன். கனத்த உடம்பு எழுந்திருக்கும்போது முதலில் கையை ஊன்றும். அந்த ஊன்றலே போதும். அவன் தரையில் கவிழ்ந்து, கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போனான். மண்டி போட்டு, முதுகைச் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்தான். தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லாரிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன மாப்பிள்ளை, பூனை மாதிரி?"

"இப்ப எழுந்திருங்க. கையை ஊனாம. மெதுவா."

அவன் குரல் அப்படி இருந்தது. அவர் சிரிப்பு நின்றது. மகள் ஓடி வந்து மாமனின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். அவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் சட்டம் ஒரு விரல் கீழே இறங்கி அவன் முதுகில் உட்கார்ந்தது. அவன் பல்லைக் கடித்தது கேட்டது.

கட்டிலில் இருந்தவள் எழும்பவும் முடியாமல் எட்டிப் பார்க்கவும் முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, உடையுதா?"

புது வேலை என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மச்சான் வேறு நிற்கிறார்.

"உடையுது" என்றான். "நடுவுல ஒட்டுப் போட்டிருக்கேன். அது விடுது."

"எவ்வளவு நேரம் தாங்குவீங்க?"

"நீ இறங்கற வரைக்கும்."

அவ்வளவுதான். அவள் பஸ் குரலை எடுத்துக்கொண்டாள். "யாரும் அவசரப்படக் கூடாது. ஒருத்தர் சொல்றதை எல்லாரும் கேளுங்க, நான் சொல்றேன். அண்ணே, கை வெச்ச நாற்காலியை என் தலைப் பக்கம் கொண்டாங்க. பாப்பா, ஆஸ்பத்திரில நர்ஸ் பண்ணின மாதிரி போர்வையோட இழு. அக்கா, காலை நீங்க பிடிங்க. மடங்கக் கூடாது."

இழுத்தோம். ஒரு சாண் இழுத்தால் ஒரு மூச்சு நிற்கச் சொன்னாள். உடம்பின் பாரம் ஒட்டு இருந்த இடத்தைக் கடந்தபோது கீழே இருந்தவன் முனகினான். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவள் கண்ணை மூடினாள்.

"வெளிய வாங்க" என்றாள்.

அவன் முதுகை எடுத்ததும் ஸ்க்ரூ இரண்டும் பிடுங்கிக்கொண்டு, சட்டம் இரண்டாகப் பிரிந்து தொங்கியது. பிரிந்த முகத்தில் மரம் பிய்ந்த சிம்பு ஒன்றுகூட இல்லை. மிஞ்சின பசை காய்ந்து கண்ணாடித்தாள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, மரத்தைப் பிடிக்கவே இல்லை. வெட்டின முனையில் மரத்தின் நார் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு பசையைக் குடித்துவிடுமாம். அது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

லாரிக்காரர் பொரிந்து தள்ளிவிட்டார். "ஒத்தை மரமான்னு கேட்டேன், தலையை ஆட்டினீங்களே. என் தங்கச்சியைக் கொல்லப் பாத்தீங்களா? வேனை வரச் சொல்றேன். நீ கிளம்பும்மா."

பொறி குனிந்து பிரிந்த முனையைக் கையால் தடவினான். முதுகில் தோல் உரிந்து சட்டையில் ரத்தம் பட்டிருந்தது. போக வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு என்ன முகம் இருக்கிறது? அவள் போய்விட்டால், இனி அவன் செய்த எதிலும் அவள் உட்காரப் போவதில்லை. அது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, பிரிந்த சட்டத்தையே பார்த்தாள். "அந்த எக்ஸ்ரேவை எடு" என்றாள் மகளிடம். மகள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த படத்தை அவன் முன்னால் நீட்டினாள்.

"டாக்டர் என் எலும்பை எப்படிச் சேத்திருக்கார் பாருங்க. முனையோட முனை வெச்சு பசை தடவி அனுப்பலையே. நீளமா ஒரு தகடு வெச்சு, முறிஞ்ச இடத்துக்கு மேலயும் கீழயும் முடுக்கியிருக்கார். ஆஸ்பத்திரில தினம் இதைக் கையில வெச்சுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்தீங்க. என்னத்தைப் பாத்தீங்க?"

"உன்னைத்தான் பாத்தேன்" என்றான்.

"பாத்த லட்சணம்."

அவன் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு பின்னறைக்குப் போனான். அவன் வேலை செய்கிற மேஜையின் மேல்பலகையை நெம்பி எடுக்கிற சத்தம் கேட்டது. லாரிக்காரர் கையில் போனை வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "அதிக நேரம் உட்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா. கால் வீங்குது பார்." வீங்கத்தான் செய்தது. அவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் இறங்கியது.

அவன் சட்டத்தின் உள்பக்கம் ஒரு பலகை, வெளிப்பக்கம் ஒரு பலகை வைத்தான், ஒட்டின இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீளமாக. துளை போட்டு போல்ட்டுகளை ஊடுருவ விட்டு முடுக்கினான். கை வழுக்கியபோது லாரிக்காரரே வந்து மறுபக்கம் ஸ்பானரைப் பிடித்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடித்தார். முடிந்த வேலை பார்க்க அசிங்கமாக இருந்தது. வழவழப்பான சட்டத்தின் மேல் கறுத்த பலகை, அதில் வரிசையாக போல்ட் தலைகள்.

"நீங்க முதல்ல படுங்க" என்றாள் அவள் பொறியிடம்.

படுத்தான்.

"அண்ணே, நீங்க அதே இடத்துல உட்காருங்க."

"நானா?"

"நீங்கதான். ஆடி ஆடிக் கதை சொன்னீங்களே, அதே மாதிரி ஆடுங்க."

அவர் சாமியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆடினார். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தோம். ஒன்றும் கேட்கவில்லை. அவள் இன்னும் ஆடச் சொன்னாள். வியர்க்கிற வரை ஆடினார்.

"போதும். என்னைக் கொண்டு போய் படுக்க வைங்க."

படுக்க வைத்தோம். அவள் கையை நீட்டி போல்ட் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுல போர்வை மாட்டிக்கும்" என்றான் அவன். "உள்ள புதைச்சு, மேல இழைச்சு மூடிடறேன்."

"வேண்டாம். ஒட்டு இருந்தா எனக்குத் தெரியணும்."

அவன் சரி என்றான். அண்ணன் வேனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, சுவரோரமாகவே நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பொறி தரையில் உட்கார்ந்து, சட்டத்தில் காதை வைத்தபடியே இருந்தான். வெகுநேரம் கழித்து அவள் அவன் தலையில் லேசாகத் தட்டி, "தூங்கப் போறேன். அந்தப் பக்கம் போய் அந்த முதுகுக்கு மருந்து போடுங்க" என்றாள்.