சத்தமில்லாத பிளேட்

அழகுபாண்டி செத்து நாற்பதாம் நாள், காலை ஐந்தரை மணிக்கு, மாடியில் எடைப் பிளேட் சத்தம் கேட்டது. முனீஸ்வரி விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். இரும்பின் மேல் இரும்பு விழுகிற அந்த 'ட்ணங்' அவளுக்குப் பதினான்கு வருஷப் பழக்கம். கப்பலூரில் லேத் ஓட்டப் போகும் முன் அவள் புருஷன் மாடி அறையில் தினமும் ஒரு மணி நேரம் எடை தூக்குவான். நால்வழிச் சாலையில் லாரி அவன் வண்டியை அடித்துப் போட்ட பிறகு, பதினாறு கும்பிட்ட கையோடு, அந்தப் பிளேட்டுகளை அவளே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டாள். பார்க்கப் பொறுக்கவில்லை. இப்போது அந்த அறையில் ஒரு கிழிந்த பாயைத் தவிர ஒன்றும் கிடையாது.

மனப்பிராந்தி என்று சொல்பவர்கள் சொல்லட்டும். முனீஸ்வரி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் நம்பாதவள். பக்கத்து வீட்டு மோட்டாரா, பால்காரர் கேனா என்று எல்லாம் பார்த்தாள். எதுவுமில்லை. இரண்டு நாள் பயந்து நடுங்கினாள். மூன்றாம் நாள் அலாரம் வைத்து எழுந்து காத்திருந்தாள். சத்தம் வந்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் அன்றன்றைய பொழுதை ஓட்டினாள்.

மாமியார் ராமக்காளிடம் இதை மூச்சு விடவில்லை. அந்த அம்மாளுக்கு வேறு பயம். அகாலத்தில் போன பிள்ளை அமைதியில்லாமல் அலைவான், வீட்டுக்குள் வந்தால் போக வழி தெரியாமல் கிடந்து தவிப்பான் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். பெற்ற மகன்தான், ஆனாலும் தலைமாட்டில் இரும்புப் பாக்குவெட்டியை வைத்துக்கொண்டுதான் கீழ் அறையில் படுப்பாள்.

அந்த நேரம் பார்த்து முனீஸ்வரிக்குத் தோள் பிடித்துக்கொண்டது. "எலும்புல பலம் கம்மியா இருக்கும்மா. தைலம் தேச்சா மட்டும் பத்தாது. வீட்டுலயே கொஞ்சம் வெயிட் தூக்குங்க" என்றார் டாக்டர். மாடி அறைதான் சும்மா கிடக்கிறதே என்று கொழுந்தன் சோலை அவளை பைபாஸ் ரோட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகக் கிளம்பினான். வாசல் வரைக்கும் வந்து ராமக்காள் சொன்னாள்.

"ஏத்தா, இரும்பா பாத்து வாங்கு. இம்புட்டு இரும்பு மாடியில கெடந்தா காத்துக் கருப்பு எதுவும் அண்டாது."

படியிறங்கிய முனீஸ்வரி நின்றுவிட்டாள். இரும்பு கிடந்தால் அண்டாது. அப்படியென்றால் அவரும்தானே வர மாட்டார்?

கடைக்காரர் வாய் ஓயாத மனுஷர். இரும்பு பிளேட் ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் துருப்பிடிக்கும், தரை ஓடு பெயர்ந்துவிடும், சத்தம் தெருவுக்கே கேட்கும். ரப்பர் பிளேட் கொஞ்சம் தடிமன், புதுசில் டயர் நாற்றம் அடிக்கும், ஆனால் கீழே போட்டாலும் பொத்தென்று அடங்கிவிடும்.

"வீட்டுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்றார்.

"இரும்பே எடுங்க மதினி. அண்ணன் அதைத்தான வச்சிருந்தாரு" என்றான் சோலை.

"ரப்பர் குடுங்க" என்றாள் முனீஸ்வரி. அவ்வளவு சீக்கிரம் அவள் ஒரு புடவை கூட எடுத்ததில்லை. மாமியாரிடம், இரும்பு சரக்கு இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தாள்.

ரப்பர் பிளேட்டுகள் மாடி ஏறிய மறுநாள் ஐந்தரைக்குச் சத்தம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பத்தொன்பது நாள் காத்திருந்தாள். தினமும் மேலே போய் எடையைத் தூக்கி, பொத்தென்று வைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "என் மேல கோவமா? உங்க சாமான எடைக்குப் போட்டுட்டேன்னா?" என்று வெறும் அறையைக் கேட்டாள். தோள்வலி குறைந்துகொண்டே வந்தது. அதற்காக அவள் துளியும் சந்தோஷப்படவில்லை.

இருபதாம் நாள் ஒரு பிளேட் கை நழுவி, அறை வாசற்படிக் கல்லின் விளிம்பில் விழுந்தது. ஓரத்தில் ரப்பர் பிளந்துகொண்டது. எடுத்துப் பார்த்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் பளபளவென்று இரும்பு இருந்தது.

டயர் மாதிரி முழுக்க ரப்பர் என்றல்லவா நினைத்திருந்தாள்! கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள், இதைப் பார்க்கவில்லை. தன் கையாலேயே அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டோம் என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்து, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் சோலை வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் முதலில் திகைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மதினி, பதினாலு வருசமா அண்ணன் தூக்குனது என்ன? பஞ்சா? லேத்துலயும் இரும்பு, வீட்டுலயும் இரும்பு. அந்தாளு போயி இரும்பப் பாத்துப் பயப்படுவாராக்கும்?"

"அப்ப ஏன் அவரு வரல தம்பி?"

சோலை தலையைச் சொறிந்துகொண்டு, "பொத்துப் பொத்துனு வச்சா யாருதான் வருவா?" என்றான். ஏதோ வாய்க்கு வந்ததைத்தான் சொன்னான். ஆனால் முனீஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே உடைந்ததைத் தவிர மற்றவற்றைக் கடையில் கொடுத்துவிட்டு, முனகிய கடைக்காரரிடம் இரும்பு பிளேட்டுகளாக மாற்றிக்கொண்டு வந்தாள். ராமக்காளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை விடியுமுன் மாடி ஏறினாள். ராடின் இரண்டு முனையிலும் பிளேட்டை மாட்டித் தூக்கி, தரையில் இறக்கினாள்.

ட்ணங்.

அதே சத்தம். இது அவள் போட்ட சத்தம்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஆள் இல்லை. இனிமேல் அவர் வந்தாலும், எது அவர் சத்தம், எது தன் சத்தம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதை யோசிக்காமல் போனோமே!

அப்போது கீழிருந்து குரல் வந்தது. தூக்கமும் விழிப்புமான குரல்.

"அழகு... மெதுவா வையிடா. முனீசு தூங்கிக்கிட்டு இருக்கா."

முனீஸ்வரி அசையாமல் நின்றாள். அந்தக் குரலில் பயம் துளியும் இல்லை. ஒரு சத்தம் போட்டு, "நான்தான் அத்தை" என்று சொன்னால் போதும்.

ஆனால் குனிந்து ராடை மறுபடி தூக்கினாள். இறக்கும்போது, அவன் வைப்பது போல, கொஞ்சம் ஓங்கியே வைத்தாள்.

"சொன்னாக் கேக்க மாட்டான்" என்று கீழே ராமக்காள் சிரித்தாள்.