நான் எழுதாமல் விட்ட ஐந்து ஆட்டங்கள்

போன வருடம் ஆடி மாதம், செங்கல்பட்டில் ஏரிக்கரையை ஒட்டிய என் வீட்டில் இருந்தபடியே, நான் பார்த்திராத ஒரு மனிதருக்கு ஒரு தீங்கு செய்தேன். கத்தி கபடா எதுவும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் மட்டுமே.

எனக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்து மூன்று ஆண்டுகள் நில அளவை வேலை பார்த்தவன். சங்கிலி பிடித்து, கல் எண்ணி, எல்லை எழுதிய பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. மாடிப்படி பதினெட்டு, பால் பாக்கெட் வரும் நேரம் ஐந்து இருபது, தெருவிளக்கு எரியாத நாட்கள் இந்த மாதத்தில் ஒன்பது. "எண்ணி முடிச்சாச்சுன்னா வந்து சாப்பிடுங்க" என்பது என் மனைவி தினமும் சொல்லும் வாக்கியம்.

பேரன் வெளிநாடு போகும்போது செல்பேசியில் செஸ் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஆளுக்கு மூன்று நிமிடம்தான். அதற்குள் வெல்ல வேண்டும், இல்லையென்றால் நேரம் தீர்ந்து தோற்க வேண்டும். பிடித்துக்கொண்டது. செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கென்று ஒரு குழு நடத்துகிறார். நாற்பத்து மூன்று பேர். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் போட்டி. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, புனைபெயர்தான்.

அந்தக் குழுவில் எனக்கு ஒரு வேலை இருந்தது. வாரம் ஒருவருடைய ஆட்டங்களை எடுத்து, அவர் எப்படி ஆடுகிறார், எங்கே முன்னேற வேண்டும் என்று எழுதிப் போடுவேன். "குதிரையை ஓரத்தில் நிறுத்தி மறந்துவிடுகிறீர்கள், இருபது ஆட்டத்தில் எட்டு முறை" என்பது போல. ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. தொடர்ந்து பதினோரு வாரம் நான்தான் முதலிடத்திலும் இருந்தேன்.

பன்னிரண்டாவது வாரம் புதிதாக ஒருவர் சேர்ந்தார். என்னோடு ஆறு முறை ஆடி ஐந்து முறை வென்றார். நான் இரண்டாம் இடத்துக்கு வந்தேன். அவரைப் பற்றி எழுதும் முறை வந்தபோது அவருடைய முப்பத்தோரு ஆட்டங்களையும் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆட்டம் அழகாக இருந்தது, அதை மறுக்க முடியாது. எடுத்த எடுப்பில் பாய்வார். சிப்பாயைப் பலி கொடுப்பார், யானையைக்கூடக் கொடுப்பார், முப்பது நகர்த்தலுக்குள் எதிராளியின் ராஜாவைச் சுற்றி வளைத்துவிடுவார். ஆட்டம் நீண்டு காய்கள் குறைந்தால் மட்டும் தடுமாறினார். "தாக்குதல் சிறப்பு. இறுதியாட்டம் பலவீனம், அங்கே முன்னேற வேண்டும்" என்று எழுதத் தொடங்கினேன். அப்போதுதான் நேரத்தைப் பார்த்தேன்.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நான்கு விநாடி. சும்மா கிடக்கும் காயை வெட்டுவதற்கும் நான்கு விநாடி, யானையைப் பலி கொடுப்பதற்கும் நான்கு விநாடி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகர்த்தல்களை எண்ணினேன், பத்துக்கு எட்டு அப்படித்தான் இருந்தது. மனிதன் அப்படி ஆட மாட்டான். எளிதான இடத்தில் பறப்பான், கடினமான இடத்தில் நிற்பான். ஒரே சீராக ஓடுவது என்றால், பக்கத்தில் கணினியை வைத்துக்கொண்டு அது சொல்வதைப் பார்த்துத் தள்ளுகிறார் என்று அர்த்தம். செஸ் ஆடுகிறவர்களுக்குத் தெரிந்த அடையாளம்தான் இது.

தொடங்கிய விமர்சனத்தோடு இதையும் சேர்த்துக் குழுவில் அறிக்கை போட்டேன். நான்கு பக்கம், இரண்டு அட்டவணை.

ஆனால் ஒன்றை எழுதவில்லை. அவர் தோற்ற ஆட்டங்கள் ஒன்பது. நான்கில் வெல்லும் நிலையில் இருந்துகொண்டே நேரம் தீர்ந்து தோற்றிருந்தார். மீதி ஐந்தில், காயைப் போக வேண்டிய கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில் வைத்துத் தோற்றிருந்தார். ராணியைக் கொண்டுபோய் எதிராளியின் சிப்பாய் வாயில் வைத்திருந்தார். எந்தக் கணினியும் அதைச் சொல்லாது. அந்த ஐந்தையும் நான் பார்த்தேன், நோட்டில் குறித்தும் வைத்தேன், அறிக்கையில் சேர்க்கவில்லை. சேர்த்தால் முடிவு நேராக வராது. பொறாமை என்று அன்று அதற்கு நான் பெயர் வைக்கவில்லை, தெளிவு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெராக்ஸ் கடைப் பெண்மணி என் எண்களை நம்பினார். அன்று மாலையே அந்தப் புதியவரைக் குழுவிலிருந்து நீக்கினார். சிலர் கைதட்டும் படம் போட்டார்கள். நான் மறுபடியும் முதலிடத்துக்கு வந்தேன்.

பத்தாவது நாள் எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பெண் குரல்.

"சார், நீ எழுதுனத ஒருத்தரு எங்களுக்கு அனுப்ச்சாரு. நல்லாத்தான் எண்ணிகீற. ஆனா அந்த நாலு செகண்டு எங்க வூட்டுக்காரருது இல்ல சார், என்னுது. அவரு சொல்வாரு, நான் தள்ளுவேன். எனக்கு செஸ்ஸே தெரியாது. சந்தேகமா கீதுன்னா புதுப்பட்டினம் வந்து பாரு. செவ்வாக்கெழம வா, அன்னிக்கித்தான் மார்க்கெட்டு டல்லு."

பதினேழு முறை கேட்டேன். செவ்வாய்க்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினேன். பையில் செஸ் பலகை, காய்கள், இருவர் நேரத்தையும் தனித்தனியே காட்டும் இரட்டைக் கடிகாரம். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். பலகை எதற்கு என்று அவள் கேட்டபோது செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உள்ளுக்குள் இன்னும் சோதித்துப் பார்க்கும் எண்ணம்தான்.

மீன் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இரண்டு அறை வீடு. வாசலிலேயே அந்த அம்மா என் பையைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், பலகையோட வந்துகீற? பரிச்ச வெக்கப் போறியா?"

"இல்லம்மா, சும்மா…"

"வெய்யி வெய்யி. அவரு காலீலருந்து அதுக்குத்தான் காத்துகினு கீறாரு."

ஜன்னலோரக் கட்டிலில், தலையணைகளில் சாய்த்து வைக்கப்பட்டு ஒருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஐந்து வருடம் ஆகிறதாம். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. ஜன்னல் கம்பியில் கட்டிய கொக்கியில் செல்பேசி அவர் முகத்துக்கு நேராகத் தொங்கியது.

"வா சார். ஒக்காரு. ரெண்டு வாரமா போரடிச்சிப் போச்சி" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எப்படி ஆடுகிறார்கள் என்று காட்டினார்கள். "ஆறு ரெண்டு, ஆறு நாலு" என்பார் அவர். அந்த அம்மா கட்டத்தைத் தேடித் தொடுவார். மறுபடி தொடுவார். நகரும்.

"அணுபுரம் குவாட்டர்ஸ்ல எட்டு வருசம் வூட்டு வேல செஞ்சவ சார் நானு. தெரு நம்பர், கதவு நம்பர் சொன்னா போதும், கண்ண மூடிகினு போவேன். ஆறாந் தெரு ரெண்டாங் கதவு. உள்ள யானகீதோ குதிரகீதோ, நமக்கு இன்னா?"

இப்போது அந்த அம்மா மார்க்கெட்டில் வாடிக்கையாளர்களுக்கு மீன் ஆய்ந்து கொடுக்கிறார். விரலை நீட்டிக் காட்டினார். செதில் சுரண்டிச் சுரண்டி விரல் நுனியில் ரேகையே தேய்ந்து வழவழப்பாக இருந்தது. பல நேரம் திரை அந்த விரலை உணர்வதில்லை. அழுத்தித் தள்ளினால் காய் பக்கத்துக் கட்டத்தில் போய் விழும்.

"அஞ்சு ஆட்டம்" என்றேன், என்னை அறியாமல்.

"ஆமா சார், அஞ்சு" என்றார் கட்டிலில் இருந்தவர். "அஞ்சு நாளும் இவ சோறு துன்னல."

எனக்கு மனக்கணக்கு தானாக ஓடியது. நூற்றெண்பது விநாடியை நான்கால் வகுத்தால் நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து நகர்த்தலுக்கு மேல் அவருக்கு நேரமே கிடையாது. அதனால்தான் எடுத்தவுடன் பாய்கிறார். எதிராளியின் நேரத்திலேயே யோசித்து முடித்துவிடுகிறார். நான் அவருடைய பாணி என்று புகழ்ந்து எழுதியதும், பலவீனம் என்று குறை சொல்லி எழுதியதும், எல்லாமே அந்த நாற்பத்தைந்துதான்.

பலகையை விரித்தோம். அவர் எண் சொன்னவுடன் அவர் காயை நானே நகர்த்தினேன். கடிகாரத்தின் பொத்தானை அந்த அம்மா அழுத்தினார். "இது நல்லாகீது, டொக்குனு அடிக்க" என்று சிரித்தார். ஐந்து ஆட்டம். ஐந்திலும் தோற்றேன். நான்காவது ஆட்டம் எழுபத்தொரு நகர்த்தல். ஒரே ஒரு சிப்பாய் அதிகம் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ராஜாவை அடிமேல் அடி வைத்து நடத்தி வந்து ஜெயித்தார். அவருக்கு இறுதியாட்டம் பலவீனம் என்று நாற்பத்து மூன்று பேருக்கு எழுதியவன் நான்.

"சார், உன்னப் பத்தியும் எழுதட்டா?" என்றார். "ரெண்டே பாயின்ட்டு. ஜெயிக்கும்போது பலகைய வுட்டுட்டு கடியாரத்தயே பாக்குற. அப்பால, எதிராளு இன்னா பண்ணுவான்னு அவன் பண்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடற. இந்த ரெண்டயும் சரி பண்ணா நீ நல்லா ஆடுவ."

ஊருக்குப் போனதும் உங்கள் நிலைமையைக் குழுவில் விளக்கி எழுதுகிறேன், உடனே சேர்த்துக்கொள்வார்கள் என்றேன். அவர் முகம் மாறியது.

"அத்த மட்டும் சொல்லாத சார்."

"ஏன்?"

"சொன்னா பாவம்னு வுட்டுக்குடுப்பாங்க. இந்த வூட்டுக்குள்ள வர்றவங்க எல்லாருமே என்னப் பாத்துப் பாவப்படறாங்க. அங்க ஒருத்தனும் படல. ஈவு எரக்கமில்லாம அடிச்சானுங்க. அதுக்குத்தான் சார் நான் அங்க வந்தேன்."

திரும்பும் பேருந்தில் அன்று நான் எதையும் எண்ணவில்லை. காரணத்தைச் சொல்லாமல் அவரைக் குற்றமற்றவர் என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

எங்கள் வேலையில் அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. அதில் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. தவறாக எழுதியதைக்கூட ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பொருந்தாத அளவு என்று எதையும் விட்டுவிடக் கூடாது, கல் தப்பாக நட்டிருப்பதை அந்த அளவுதான் காட்டிக்கொடுக்கும். என்னிடம் வேலை கற்க வந்தவர்களை இதற்காகவே எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை.

மறுநாள் குழுவில் எழுதினேன். "என் அறிக்கையில் ஐந்து ஆட்டங்களைத் தெரிந்தே மறைத்தேன். என் முடிவுக்கு அவை பொருந்தவில்லை. அந்த ஐந்தும் இதோ. அவர் கணினி பார்த்து ஆடவில்லை. நான்கு விநாடிக்குக் காரணம் எனக்குத் தெரியும், சொல்லும் உரிமை எனக்கில்லை. தவறு முழுவதும் என்னுடையது."

ஜெராக்ஸ் கடைப் பெண்மணி போன் செய்தார். "என்ன சார் இது? நீங்களே கணக்கை மறைச்சீங்கன்னா, நான் யாரை நம்பி ஒருத்தரை வெளியே அனுப்புறது?" நீக்கியவரைத் திரும்பச் சேர்த்தார். என்னை வாராந்திர விமர்சனம் எழுத வேண்டாம் என்றார். குழுவில் ஒருவர், "பெரியவருக்குச் சொந்தக்காரர் போல" என்று எழுதினார். இன்னொருவர், வயதாகிவிட்டது என்றார். நான் மறுக்கவில்லை.

பிறகு விரலுக்குப் பதில் திரையைத் தொட ஒரு தொடுபேனா வாங்கிக்கொண்டு மறுபடி புதுப்பட்டினம் போனேன். அதை வைத்து ஆடிய முதல் ஞாயிறே மூன்று ராணி போயிற்று. "மீனுக் கத்தி புடிச்ச கைக்கு இது தோதுப்படல சார்" என்று அந்த அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த வருடம் மாசியில் ஞாயிறுப் போட்டித் தொடர் முடிந்து மாமல்லபுரத்தில் எல்லோரும் நேரில் கூடினோம். முதலிடம் புதுப்பட்டினத்துக்காரருக்குத்தான். பரிசு வாங்க ஆட்டோவில், மனைவி தோளில் சாய்ந்தபடி வந்தவரை இரண்டு பேர் தூக்கிவந்து நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். அவர் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இதுவரிக்கும் யாரும் பாவம் பாக்கல. இனிமேட்டும் பாக்காதீங்க" என்றார். நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது சார், பேர மட்டும் போடாத. செஸ் ஆடறவன் எவன் புத்தகம் படிக்கப் போறான்?" என்றார்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு மோதுகிறேன், தோற்கிறேன். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பொருந்தாதவை' என்று தலைப்பிட்டு, என் முடிவுகளுக்கு ஒத்துவராதவற்றை எழுதி வருகிறேன். இதுவரை பதினான்கு, அதில் மூன்று என் மனைவியைப் பற்றியவை. ஆயிரம் நகர்த்தல்களை விநாடி பிசகாமல் எண்ணிய எனக்கு, பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தது இரண்டு பேர் என்பதை எண்ணத் தெரியவில்லையே என்பதுதான், எந்தக் கணக்கை முடித்து எழுந்தாலும் என்னை மறுபடி உட்கார வைக்கிறது.