காசிம் பாயின் முதுகுச் சதை

வயிற்றைப் படம் எடுக்கும் இடத்தின் வாசலில் நின்றுகொண்டு, “ஆள் பிழைச்சிருவாரா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் தெரியாமல் நீங்கள் முழித்ததுண்டா? நான் தினமும் முழிக்கிறேன். மும்பை சயானில் ஒரு சி.டி. ஸ்கேன் சென்டரில் எனக்கு வேலை. மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஓடி வந்தால், நோயாளிக்கு கவுன் மாட்டிவிடுவது, பயத்தில் இந்தி மறந்துபோன நம் ஆட்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது என்று பொழுது போய்விடும். ஆஸ்பத்திரி வாசல்களில் குப்பை கொட்டும் உங்களுக்கு இது புதிதல்ல. அதனால் காசிம் பாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருப்பவர். இரைப்பையில் புற்றுநோய். மருந்து ஏற்றி முடித்து, ஆபரேஷன் செய்யலாமா என்று பார்ப்பதற்காக மனைவி ஜைனம்பு அக்காவோடு படம் எடுக்க வந்தார்.

வயிறு முட்ட

இரைப்பை விரிந்து நின்றால்தான் கட்டி தெளிவாகத் தெரியும். அதற்காகப் படுக்குமுன் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். நான் டம்ளர் டம்ளராக நீட்ட, பாய் பாதியில் கையை மறித்தார். “எங்க சால் வரிசைல ஒரு வீட்டுக்கு வார தண்ணிய நான் ஒருத்தனே குடிச்சா, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரமாட்டானா தங்கச்சி?”

மரியாதை

மூச்சை இழு, பிடி, விடு என்று மெஷினில் ஒரு பெண் குரல் இந்தியில் சொல்லும். பேசாமல் கிடக்க வேண்டும். பாய் ஒவ்வொன்றுக்கும் “ஜீ, ஜீ” என்று பதில் சொன்னார். படம் ஆடிப்போனது. திரும்ப எடுக்க வேண்டும் என்று டெக்னீஷியன் தலையில் கை வைத்தார். நான் உள்ளே போய், அது பதிவு செய்த குரல், பதில் எதிர்பார்க்காது என்றேன். “அப்படியே இருக்கட்டும். பொம்பளப் பிள்ள கேட்டா வாயத் தொறக்காமக் கெடக்கிறதா?”

பத்தியம்

படத்தைப் பார்த்துச் சொல்லும் எங்கள் டாக்டரம்மா மராத்திக்காரர், அன்பானவர். மருந்தில் கட்டி நன்றாகவே சுருங்கியிருக்கிறது என்றார். ஜைனம்பு அக்கா கண்ணை மூடி அல்லாவுக்கு நன்றி சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் டாக்டரம்மா படத்தில் வேறோர் இடத்தைக் காட்டினார். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய சதை கரைந்திருந்தது. எத்தனையோ நோயாளிகளின் படங்களை வைத்துப் பார்த்ததில், இந்தச் சதை குறைந்தவர்கள் ஆபரேஷனைத் தாங்குவது கஷ்டம், புண் ஆறாது, பிறகும் தேறுவது சிரமம் என்று தெரிந்திருக்கிறதாம். இப்போதைக்குக் கத்தி வைக்க வேண்டாம் என்று சர்ஜனும் சொல்லிவிட்டார்.

என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா கேட்டார். அக்கா பெருமையாகத்தான் சொன்னாள்: நோயின் பெயர் தெரிந்த நாளிலிருந்து அரிசிக் கஞ்சிதான், மீன் முட்டை வீட்டுக்குள் வந்ததில்லை. முட்டை, மீன், பருப்பு எல்லாம் வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை, கூடவே நடை என்று டாக்டரம்மா சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அடுத்த வீட்டு மீன் வாசம் வந்தாக்கூட இவுக ஆசப்படுவாகன்னு ஜன்னலச் சாத்தினேனே, அதுவும் தப்பாம்மா?”

நடை

அதன்பின் பாய் சாயங்காலம் நடக்கிறேன் என்று எங்கள் வாசல் வரை வருவார். வந்து அன்றைய சாப்பாட்டை ஒப்பிப்பார்: இரண்டு முட்டை, விளமீன், பாசிப்பயறு. பின்னால் அக்கா டப்பாவோடு வருவாள், மூச்சு வாங்குமுன் ஒரு வாய் ஊட்ட. நோயாளிக்கு இதையெல்லாமா கொடுப்பது என்று சொந்தக்காரர்கள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பாய்க்கு அதில் ஒரே குஷி. “கல்யாண விருந்துலகூட இவ இப்படிக் கெஞ்சி ஊட்டல. மெஷின் சொன்னாத்தான் புருசன் நினைப்பு வருது.”

மறுபடம்

அடுத்த முறை படம் எடுத்தபோது பாய் வாயைத் திறக்கவில்லை. கரைவது நின்று சதை கொஞ்சம் கூடியும் இருந்தது. படம் ஜோசியம் இல்லை, ஆனால் நம்பிக்கை கூடியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

வருங்காலம் சொல்லும் என்று எல்லோரும் நம்பும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று இத்தனை நாள் தண்ணீர் ஊற்றிக்கொடுத்ததில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பிழைச்சிருவாரா என்று கேட்டு வருகிறவர்களுக்கு வேண்டியது ஜைனம்பு அக்கா மறுபடம் எடுத்த அன்று டாக்டரம்மாவிடம் கேட்டதுதான்: “கட்டி இருக்கிற படத்த நீங்களே வச்சுக்கிடுங்க, சத வளந்த படம் மட்டும் எனக்கு ஒண்ணு தாங்க, வீட்ல மாட்டணும்.”