பூனை மாடி ஏறும்போது அடித்த மணி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன், எங்கள் வீட்டுக் கூடத்தில் டிராம் மணி அடித்தது. டண்டண். கொஞ்சம் இடைவெளி. டண். நாங்கள் இருப்பது வங்காளத்தில், சால்ட் லேக்கில், மூன்றாவது மாடியில். எங்கள் தெருவிலேயே டிராம் ஓடியதில்லை, கூடத்தில் எங்கிருந்து ஓடும்? வாயில் நுரையோடு ஓடிவந்து பார்த்தால் என் மகள் நிலா சோபாவில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு போனில் விளையாடுகிறாள். ஒரு சாம்பல் நிறப் பூனை மணிக்கூண்டுக்குள் மாடி மாடியாக ஏறுகிறது. ஒவ்வொரு மாடி முடியும்போதும் அந்த மணி.

"இது எங்கட்டி கெடச்சுது?"

"ரீமேக் மா. ரொம்பப் பழைய கேம். சவுண்ட் மட்டும் அப்படியே ஒரிஜினல். பாலோ நா?" என்றாள், நல்லா இருக்கில்ல என்று. நிலாவுக்குத் தமிழ் பாதி வழியில் தீர்ந்துவிடும், மீதியை வங்காளத்தில் முடித்துக்கொள்வாள்.

ஒரிஜினலாம்! நுரையை அப்படியே விழுங்கிவிட்டேன். அந்த மணி எந்த ஒரிஜினலிலும் கிடையாது. எந்த மழையில், யார் காலால் அது அடிக்கப்பட்டது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் நான் ஒருத்தி.

பற்பசையின் காரத்தோடு சேர்ந்து எனக்கு மார்க்கர் பேனாவின் வாசனை வந்தது. திருநெல்வேலியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த புதிதில், செக்டர் ஃபைவில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. என்ன வேலை என்று அம்மா கேட்டால் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லிவிடுவேன். உண்மையில் நாள் முழுக்க ஒரு பழைய டிவி முன்னால் உட்கார்ந்து பூனையைக் குதிக்க வைப்பதுதான் வேலை. டிவியோடு இணைத்து விளையாடிய பழைய ஆட்டங்களை அந்தக் காலத்து போன்களில் ஓடும்படி மாற்றித் தருவோம். அதற்கு போர்ட் என்று பெயர். கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் ஆட்டத்தின் நிரலைத் தொலைத்துவிட்டிருந்தார்கள். கையில் இருந்தது ஒரு கேசட்டும் ஒரு டிவியும்தான். ஆகவே நான் டிவித் திரையில் கண்ணாடித்தாளை ஒட்டி, பூனை எங்கே கால் வைக்கிறது, எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று மார்க்கரால் புள்ளி வைப்பேன். சூடான டிவியின் தூசி, மார்க்கர், கேன்டீனின் கடுகெண்ணெய், மூன்றும் கலந்த வாசனைதான் என் முதல் சம்பளத்தின் வாசனை. அந்தப் பூனையை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் மின்விசிறிக் காற்றில் கண்ணாடித்தாள் அரை விரல் நகர்ந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. நான்காம் மாடியில் இடது பக்கத்துப் படி ஒன்று கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. அதில் ஏறும்போதெல்லாம் பூனையின் பின்னங்கால் லேசாக வழுக்கும். போர்ட் வெளியே போன பிறகுதான் கண்டுபிடித்தேன். வாயைத் திறக்கவில்லை, வேலை போய்விடும் என்ற பயம்.

என் பக்கத்து மேசையில் மாலினி. சென்னைப் பெண். எங்கள் வேலையையெல்லாம் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. பாலிகஞ்சில் மாஷிமா என்று நாங்கள் கூப்பிட்ட வீட்டுக்கார அம்மாளின் மாடியறையில் நாங்கள் இருவரும் ஒன்றாகக் குடியிருந்தோம். ஒரே கொசுவலை, ஒரே தேங்காயெண்ணெய் புட்டி. மாஷிமா மீன் குழம்பு வைக்கிற நாளில் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தயிரும் ஊறுகாயும் சாப்பிடுவோம். ஆறே மாதத்தில் மாலினி மீனுக்கு மாறிவிட்டாள். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. பாவம், மீன் என்ன செய்யும்!

ஒலி வேலை தபன்தாவினுடையது. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர் (இங்கே அண்ணனைத் தாதா என்பார்கள், அதுதான் பெயரில் அந்த 'தா'), கார்டன் ரீச்சிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவரோடு பேச்சு பாதி வங்காளம், பாதி ஆங்கிலம். தமிழில்தான் என் மனதில் தங்கியிருக்கிறது. "ஓடுற பெட்டி செத்தா ஆட்டமும் சாகும். நாம அதை வேற பெட்டிக்குக் குடிமாத்தறோம். புண்ணியம்!" என்பார். குடிமாற்றியவர்கள் பெயர் மட்டும் எங்கேயும் வராது. ஒப்பந்தத்திலேயே அப்படி. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்.

ஒரிஜினலில் மாடி முடிந்தால் 'கிய்ங்' என்று ஒரு சத்தம் வரும். போனில் அதைக் கேட்டால் எவர்சில்வர் தட்டில் கரண்டி விழுந்த மாதிரி இருந்தது. "தூர்! இதுவா மணி? வாங்க, மணின்னா என்னன்னு காட்டறேன்," என்றார் தபன்தா.

அவருடைய அப்பா டிராம் ஓட்டுநர். நண்பர்களின் அப்பாவை இங்கே மேஷோமொஷாய் என்று கூப்பிட வேண்டும், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். டிராமில் ஓட்டுநரின் காலடியில் ஒரு மிதி உண்டு, அதை அழுத்தினால் மணி அடிக்கும். எல்லா ஓட்டுநரும் எருமையை விரட்டுகிற மாதிரி இடைவிடாமல் மிதிப்பார்கள். மேஷோமொஷாய் மட்டும் டண்டண், நிறுத்தி, டண். சின்ன வயதில் தபன்தா தூரத்தில் அந்த மணியைக் கேட்டே அப்பா வண்டி வருகிறது என்று ஓடுவாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் டிராம் நின்று திரும்புகிற இடத்தில் மேஷோமொஷாய் வண்டியில் ஏறினோம். ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. முன்பக்க ஜன்னல் வழியாகச் சாரல் நேராக உள்ளே அடித்தது. தபன்தா ரெக்கார்டரைப் பிடித்திருக்க, மாலினி குடையை விரித்து அந்த ரெக்கார்டருக்கு மேல் பிடித்துக்கொண்டாள். அவள் தலைமுதல் கால்வரை தொப்பல். தண்டவாளத்தில் ஒரு காக்கைகூட இல்லாதபோது மேஷோமொஷாய் மிதி மிதி என்று மிதித்தார். "தாதா, யாருக்கு இவ்வளவு மணி? பூஜையா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மேஷோமொஷாய் திரும்பாமலே, "ஒரு பூனை மாடி ஏறுதாம்!" என்று பதில் சொன்னார். வண்டியே சிரித்தது.

இறங்கியபின் டீக்கடையில் தலையைத் துவட்டிக்கொண்டே மாலினிதான் சொன்னாள்: "பேரு போட மாட்டாங்கல்ல? போகட்டும்பா. இந்த மணிதான் நம்ம மூணு பேர் பேரு." மூன்று பேரும் மண் குவளைகளை முட்டிக்கொண்டோம். மறுநாள் அவளுக்கு நல்ல காய்ச்சல். மாஷிமாவுக்குத் தெரியாமல் நான் ரசம் வைத்துக் கொடுத்தேன்.

பிறகு என்ன, எல்லாம் கலைந்தது. கம்பெனி மூடியது. மாலினி பெங்களூருக்குப் போனாள், பெரிய பெரிய இடமாக மாறினாள். போன்கள் மாறின, எங்கள் போர்ட் புது போன்களில் ஓடவில்லை. குடிமாற்றிய பெட்டியும் செத்துப்போயிற்று, பாருங்கள். மேஷோமொஷாய் ஓய்வுபெற்றுச் சில வருஷங்களில் இறந்தார். நான் துக்கம் கேட்கப் போனபோது தபன்தா அழவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். முந்தைய புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து கம்ப்யூட்டர், ரெக்கார்டர் எல்லாம் முழுகிவிட்டதாம். "அப்பா போட்டோ நெறைய இருக்கு. மணி அந்த மெஷின்லதான் இருந்துச்சு," என்றார்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் நுரையை விழுங்கினேன் என்று?

நிலாவிடமிருந்து போனைப் பிடுங்கி நான்காம் மாடிவரை நானே ஏறினேன். இடது பக்கத்துப் படி. பூனையின் பின்னங்கால் வழுக்கியது. அடப்பாவிகளா, என் தப்பைக்கூட விடவில்லை! படம் பளபளக்கிறது, பூனைக்கு இழை இழையாக மயிர் பறக்கிறது, உள்ளே இருப்பது முழுக்க எங்கள் போர்ட். கடைசிப் பெயர்ப் பட்டியலை உட்கார்ந்து படித்தேன். எத்தனை பெயர்! வேலை நடந்த காலத்தில் அவர்கள் வீடுகளில் பிறந்த குழந்தைகளின் பெயர்கூட இருந்தது. ஆபீஸ் நாயின் பெயர் இருந்தது. நாய்க்கும் கீழே ஒரு வரி: 'மூல ஒலிகளைத் தேடி மீட்டவர்: மாலினி.'

நாலைந்து வருஷமாகப் பேசாதவளுக்கு போன் போட்டேன்.

"ஏட்டி, எங்க தேடி மீட்ட? குடைக்குள்ளயா?"

"ஐயோ, நீயா... இல்லப்பா, இப்ப நான் வேலை பாக்கறது இந்த ரீமேக் கம்பெனியிலதான். அவங்க பழசு ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. என்கிட்ட ஃபோல்டர் இருந்துச்சு. அந்த 'தேடி மீட்டவர்' எல்லாம் அவங்களா போட்டதுப்பா."

திட்டத்தான் கூப்பிட்டேன். ஆனால் தபன்தா முகம் நினைவுக்கு வந்து குரல் தழைந்துவிட்டது. என் பெயர் வேண்டாம், தபன்தா பெயரும் அவர் அப்பா பெயரும் ஒரு வரி போடு என்றேன். "கண்டிப்பா பண்றேன்பா. நீ முழுசா ஒரு மெயில் எழுதி அனுப்பு. யாரு, எங்க ரெக்கார்ட் பண்ணோம், எல்லாம்." அன்றைக்கே எழுதினேன். மழை, டீக்கடை, குடை எதையும் விடவில்லை. அவள் காய்ச்சலைக்கூட எழுதினேன், அசடு.

அந்த வாரம் முழுக்க நான் நல்ல மனநிலையில் இருந்தேன் என்பதுதான் வேடிக்கை. பழைய ஆட்டத்தை மறுபடி எடுப்பது தேவையா, காசு பார்க்கிற வேலைதானே என்று நிலாவின் தோழிகளே சண்டை போடுகிறார்கள். தேவைதான் என்று நான் கட்சி சேர்ந்தேன். திருடினால் என்ன, செத்த மணி ஒன்று திரும்ப அடிக்கிறதே! தபன்தாவுக்கு போன் செய்து, "ஞாயித்துக்கிழமை வரேன். ஒண்ணு கேக்க வெக்கணும்," என்று மட்டும் சொன்னேன்.

கார்டன் ரீச்சில் அவர் தலையைச் சீவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். போதி, அதாவது அண்ணி, குக்கரை அணைத்துவிட்டு, டிவியையும் அணைத்துவிட்டு வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நிலாவின் போனை மேசைமேல் வைத்துப் பூனையை ஏற்றினேன். முதல் மாடி முடிந்தது.

டோ...ங்.

ஏதோ வெளிநாட்டுத் தேவாலயத்து மணி. கணீரென்று, அழகாக, நீளமாக.

"பாலோ," என்றார் தபன்தா, மரியாதைக்கு. "யாரோடது?"

இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, எல்லாவற்றிலும் அதே டோங். முந்தின நாள் ஆட்டம் தானாகவே அப்டேட் ஆகியிருந்தது. வராந்தாவுக்குப் போய் மாலினியைக் கூப்பிட்டேன்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்பா. உன் மெயிலை மேல அனுப்பினேன். வக்கீலுங்க பயந்துட்டாங்க. இன்னார் சவுண்டுன்னு எழுத்துல வந்தப்புறம் வெச்சுக்க முடியாதாம். எடுத்துட்டாங்க."

"சரி, அந்த ஃபோல்டரையாவது எனக்கு அனுப்பு."

"அது இப்ப ஆபீஸ் மெஷின்லதான் இருக்கு. கம்பெனி சொத்துப்பா. வெளிய அனுப்பக் கூடாது. புரிஞ்சுக்கோ."

புரிந்துகொள்ளவா? யாருக்கு யார் சொத்து? தன் வாயால் 'நம்ம மூணு பேர் பேரு' என்று சொன்னவள்! நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. திருநெல்வேலியில் எங்கள் தெருக் குழாயடியில் கற்றவை, இத்தனை வருஷம் கழித்து ஒன்று விடாமல் வந்தன. கேட்டுவிட்டு, "நீ டென்ஷன்ல இருக்க, அப்புறம் பேசலாம்," என்று வைத்துவிட்டாள். அவள் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி என் மேலும்தான். ஒரு வாரம் அந்த மணி என் வீட்டுக் கூடத்தில் அடித்தது. ஒரு பட்டனை அழுத்திப் பதிவு செய்யத் தோன்றவில்லையே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேனே! யாராவது விளையாடி வீடியோ போட்டிருப்பார்கள் என்று பிறகு தேடினேன். இருக்கிறது, ஏராளமாக. எல்லாவற்றிலும் சரியாக மணி அடிக்கும் நேரத்தில் எவனாவது கத்திக்கொண்டிருக்கிறான்.

உள்ளே போய் தபன்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க வழி இல்லை. போதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தபன்தா சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். "மாலினி அன்னைக்கு ரொம்ப நனைஞ்சா இல்ல?" என்றார். "எனக்குக் குடையில இடமே குடுக்கலை. மெஷின் நனையக் கூடாதுன்னா." சிங்காடா என்கிற சமோசாத் தட்டை என் பக்கம் தள்ளினார். அவர் அவளைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன வாரம் பாலிகஞ்ச் பக்கம் போனேன். மாஷிமா வீடு இருந்த இடத்தில் ஒரு அடுக்குமாடி. டிராம் இல்லை. அந்த டீக்கடையும் இல்லை.

நிலா இன்னும் விளையாடுகிறாள். நேற்று அடுப்படிக்கு வந்து, "மா, நாலாம் மாடியில பூனைக்கு கால் வழுக்குது. பக்-னு நெனைக்கிறேன். கம்பெனிக்கு எழுதினா சரி பண்ணிடுவாங்க. எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

"எழுதின, கைய ஒடிச்சிருவேன்," என்றேன்.